அரிசி டிரம்முக்குள் ஒரு பட்டர் ஃப்ரூட்

வைகாசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்று சராசரியாகக் காட்டிக்கொடுக்கும் கணக்கு அது. 5.7-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். நான் வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, சித்தப்பா, பெரிய அத்தை எல்லோரும் அந்தப் படியைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தவர்கள்தான். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "மாத்திரை இப்ப வேணாம். சோறு, இட்லி, தோசை, சீனி எல்லாத்தையும் நல்லாக் குறைங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

எவ்வளவு குறைப்பது, பதிலுக்கு என்ன சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல அலுவலகத்தில் ஒரு நண்பர் காத்திருந்தார். இரண்டு வருடமாகப் பேலியோவில் இருப்பவர். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுவதற்குத் தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயர்தான் நிலைத்துவிட்டது. குகையில் வாழ்ந்தவனுக்குப் பனீர் எங்கே கிடைத்தது என்று கேட்டால் நண்பர் முறைப்பார். காலையில் 100 பாதாம், மதியம் காய்கறியோடு முட்டையோ கறியோ, சாயங்காலம் பட்டர் டீ, இரவு பனீர் என்று ஒரு பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பாதாமை முந்தின இரவே ஊறவைத்து, காயவைத்து, நெய்யில் வறுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் உட்கார்ந்து எண்ணினேன். எண்பதைத் தாண்டும்போது மனைவி வந்து பேச்சுக் கொடுத்ததில் கணக்கு விட்டுப்போய், மறுபடியும் ஒன்றிலிருந்து.

முதல் வாரம் தலைவலி. கால்கள் கெஞ்சின. உடம்பு சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து நிறைய தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தத் தண்ணீரும், அதோடு உப்பும் வெளியேறும். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு இரண்டு வேளை குடித்த பிறகு தலைவலி போனது. முதல் வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைந்துவிட்டதென்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர் என்று அப்போது தெரியாது.

சோறில்லாமல் இருந்துவிட முடிந்தது. ஆச்சரியம்தான், ஆனால் முடிந்தது. முடியாமல் போனது பழம் இல்லாமல் இருப்பது. நான் வத்தலக்குண்டுக்காரன். பழனி மலையடிவாரம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் மலைவாழைப்பழம் வரும். சிறுமலைப் பழத்தின் தோல் கறுத்துச் சுருங்கினால்தான் உள்ளே தேன் என்று தெரிந்து வளர்ந்தவன். இப்போது பட்டியலைத் திறந்தால் வாழைப்பழத்துக்கு நேரே சிவப்புக்கோடு. 100 கிராமில் ஏறக்குறைய 23 கிராம் மாவுச்சத்து. பலாவும் அதே அளவு. மாம்பழம் 15. பப்பாளி 11. கொய்யாவில் நார் கொஞ்சம் கூட, அதனால் பரவாயில்லை என்று ஒரு கட்சி, அதுவும் கூடாது என்று இன்னொரு கட்சி. சாயங்காலம் தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவுவதைப் பார்த்தபடி நின்றுவிட்டு நடப்பேன்.

"பழமே கிடையாதாய்யா?" என்று நண்பரிடம் கேட்டேன்.

"இருக்கே. அவகாடோ."

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன். வெளிநாட்டில் ரொட்டியில் தடவித் தின்பார்கள், பணக்காரப் பழம், பச்சையாக இருக்கும். அவ்வளவுதான் தெரியும். அன்றே அலுவலகத்துக்குப் பக்கத்தில், குளிர்சாதனம் போட்ட ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஒவ்வொரு காயையும் வலைச்சட்டை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கரும்பச்சைத் தோல், பாகற்காயைப் போலச் சொரசொரப்பு, பக்கவாட்டில் தான்சானியா என்று ஒரு ஸ்டிக்கர். ஒன்று 190 ரூபாய். 190 ரூபாய்க்கு எங்கள் ஊரில் ஒரு தாரில் பாதி வாங்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் உடம்பு என்று வந்துவிட்டால் காசு பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு இரண்டு வாங்கினேன்.

அன்றிரவே வெட்டினேன். பழம் என்று எழுதி விற்றதால் அது பழுத்திருக்கும் என்று நம்பிவிட்டேன். கத்தி பாதியில் எதிலோ மோதி நின்றது. சுற்றிக் கீறி, இரண்டு கையாலும் முறுக்கி, ஒருவழியாகப் பிளந்தேன். உள்ளே ஒரு கொட்டை. பழத்தில் பாதி கொட்டையோ என்று தோன்றும்படி உருண்டையாக, பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கீற்றை நறுக்கி வாயில் போட்டேன். பச்சை வாழைக்காயைக் கடித்தது போல் நறுக்கென்றிருந்தது. மெல்ல மெல்லப் பல்லில் ரப்பராக ஒட்டியது, கடைசியில் ஒரு கசப்பு வந்து நாக்கின் அடியில் படுத்துக்கொண்டது. மனைவி ஒரு கீற்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கு 190 ரூபாயாங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லாமல் முழுப் பாதியையும் மென்று விழுங்கினேன். அது ரோஷம்.

பிறகுதான் விவரம் தேடிப் படித்தேன். இந்தக் காய் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. முற்றும், அவ்வளவுதான். முற்றிய பிறகும் சில வகைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட மரத்திலேயே கல்லாகத் தொங்கும். பறித்தால்தான் பழுக்கத் தொடங்கும். ஆக, கடையில் விற்பது பழுக்கப்போகும் காய். அதை எழுதி வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது காயை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தேன். திங்கள், கல். செவ்வாய், கல். புதன், கல். வியாழன், வெள்ளி அலுவலகத்தில் தலைபோகிற வேலை, மறந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது விரல் உள்ளே இறங்கியது. வெட்டினால் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக, நடுவில் கறுப்பு நரம்பு ஓடி, பழைய எண்ணெய் வாடை. கல்லாக இருந்தது எப்போது பழமானது, பழம் எப்போது குப்பையானது என்றே தெரியவில்லை. 380 ரூபாய்க்கு நான் தின்றது ஒரு பாதி வாழைக்காய்க் கசப்பு.

குப்பைக்கூடையில் போடப் போனபோதுதான் அம்மா பார்த்தாள்.

"என்ன தம்பி அது? பட்டர் ஃப்ரூட்டாட்டம் இருக்கு."

"இல்லம்மா, இது அவகாடோ."

அம்மா கூடைக்குள் குனிந்து கொட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பட்டர் ஃப்ரூட்டுதான். தோலு மட்டும் வேற மாதிரி இருக்கு. ஒங்க தாத்தா தாண்டிக்குடி எஸ்டேட்டுல கணக்கு எழுதிக்கிட்டிருந்தப்ப சாக்குல கொண்டாந்து போடுவாரு. ஒரு பய சீண்ட மாட்டான்."

எனக்கு 44 வயது. இந்த 44 வருடமும் பட்டர் ஃப்ரூட் வேறு, அவகாடோ வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இதைப் படிக்கிறவர்களில் இன்னும் பத்துப் பேராவது அப்படி இருப்பார்கள்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜூஸ் கடைகளில் பட்டர் ஃப்ரூட் ஜூஸ் என்று எழுதியிருக்கும். எட்டாவது படிக்கும்போது அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று ஒரு கிளாஸ் குடித்திருக்கிறேன். இளம்பச்சையில் கெட்டியாக, ஸ்ட்ராவில் ஏறாமல் அடம்பிடிக்கும். பாலும் ஐஸும் நாலு கரண்டி சீனியும் போட்டு அடித்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது யோசித்தால் அதில் நான் குடித்தது சீனியும் பாலும்தான், பழம் வெறும் கெட்டித்தன்மைக்கு. அந்தப் பழத்தை முழுசாக ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸில் போனால் எட்டிவிடும் மேலே, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கமெல்லாம் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரம் அது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகத்துக்கு டிகேடி 1 என்று ஊரின் பெயரிலிருந்தே எழுத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி இருக்கிற மலையில் விளைகிற ஒன்றை, தான்சானியாவிலிருந்து கப்பலில் வரவழைத்து, சென்னையில் குளிர்சாதன அறையில் வைத்து, 190 ரூபாய்க்கு வாங்கி, பச்சையாகத் தின்று கசந்திருக்கிறேன்.

குழப்பத்தில் எனக்கு மட்டும் பங்கில்லை, பெயருக்கும் உண்டு. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இது அஹுவாகட்டில். ஸ்பானியர்கள் வாயில் அகுவாகாட்டே. பிரெஞ்சுக்காரர்கள் அவோகா என்கிறார்கள். அவர்களுக்கு வக்கீலுக்கும் அதே சொல்தான், ஆகவே பாரிஸில் அது வக்கீல் பழம். ஆங்கிலத்தில் முன்பு அலிகேட்டர் பியர், அதாவது முதலைப் பேரிக்காய், என்று ஒரு பெயர், சொரசொரத் தோலுக்காக என்பார்கள். இலங்கைக்குப் போனதும் அது சிங்களத்தில் அலிகெட்ட பேர என்று திரிந்தது. சிங்களத்தில் அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. இலங்கைத் தமிழில் இதற்கு ஆனைக்கொய்யா என்று பெயர். முதலை எங்கே எப்படி யானையானது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளக்கம் இல்லை. தமிழில் வெண்ணெய்ப்பழம் என்றும் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் எந்தக் கடைக்காரரிடமும் கேட்டு வாங்க முடியாது. பட்டர் ஃப்ரூட் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஆடியில் குலசாமி கும்பிட அம்மா ஊருக்குப் போனாள். திரும்பும்போது ஒரு மஞ்சப்பை நிறையக் கனம். மேலே ஒரு சீப்பு மலைவாழை, எனக்கில்லை என்று சொல்லியே எடுத்து வைத்தாள். கீழே தினசரித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி எட்டு பட்டர் ஃப்ரூட். கிலோ 120 ரூபாய், மலையிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் பஸ் ஸ்டாண்டில் வாங்கியதாம். தான்சானியாக் காயின் சாயலே இதற்கு இல்லை. மினுமினுவென்று பச்சைத் தோல், நீண்ட கழுத்து, ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத அளவு. கடையில் வாங்கியது ஹாஸ் என்கிற ரகம். கலிபோர்னியாவில் தபால் ஊழியராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் என்பவர் வீட்டுத் தோட்டத்தில் விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு மரத்திலிருந்து வந்தது. 1935-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்று உலகம் முழுக்க விற்கிற ஹாஸ் எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் ஒட்டு வாரிசுகள். தாய்மரம் 2002 வரை உயிரோடு நின்றிருக்கிறது. தோல் தடிப்பு, கப்பலில் அடிபடாது, கொழுப்பும் கூடுதல். நம் மலைக்காயில் தோல் மெல்லிசு, நீர் கொஞ்சம் அதிகம், ஒரு மூட்டையை மலையிறக்கிக் கொண்டுவருவதற்குள் பத்துக் காயாவது நசுங்கும். அது ஏன் உலகம் சுற்றவில்லை என்பதற்கு அவ்வளவுதான் காரணம்.

"எல்லாம் கல்லா இருக்கேம்மா" என்றேன்.

"அரிசிக்குள்ள போடு."

எங்கள் வீட்டில் 25 கிலோ பொன்னி கொள்ளும் எவர்சில்வர் டிரம் ஒன்று உண்டு. மாதம் ஒரு மூட்டை ஆகிக்கொண்டிருந்த வீட்டில், நான் சோற்றை நிறுத்தியதிலிருந்து அரிசி இறங்குவதே இல்லை. அம்மா கையை முழங்கை வரை உள்ளே விட்டு, குழி பறித்து, நாலு காயை ஒன்றோடொன்று ஒட்டாமல் புதைத்து மூடினாள். மாங்காயை இப்படிப் பழுக்கவைப்பது தெரியும், கிராமத்தில் வைக்கோலில் வைப்பார்கள். காய் தானாகவே எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அதுதான் அதைப் பழுக்கவைப்பது. வெளியே வைத்தால் காற்றோடு போய்விடும், அரிசிக்குள் இருந்தால் தப்பிக்க வழியில்லை. பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைத்துத் தாளில் சுற்றினாலும் இதே வேலை நடக்கும். ஆனால் இந்த வீட்டில் என் கண்ணெதிரே வாழைப்பழம் வைப்பது தண்டனை என்று அம்மாவுக்கே பட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள், தினமும் காலையில் டிரம்மைத் திறந்து கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். நானும் பழகிக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் அமுக்கக் கூடாது, அங்கே அமுக்கினால் மறுநாள் அந்த இடம் கறுத்துவிடும். கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் லேசாக. காம்பு இருந்த இடத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழைக் கிள்ளினால் தானே வர வேண்டும், வந்த இடம் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு என்றால் நேரம் கடந்துவிட்டது. நாலாம் நாள் காலை ஒன்று கொடுத்தது. கொடுத்தது என்றால், அமுக்கின விரலுக்கு உள்ளங்கை மேடு எவ்வளவு இடம் விடுமோ அவ்வளவு.

இந்த முறை கத்தி மோதவில்லை. கொட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகியதும் சத்தமில்லாமல் பிரிந்தது. கொட்டை தன் பழுப்புத் தோலோடு கையில் வந்து விழுந்தது. தோலை ஒட்டி அடர்பச்சை, உள்ளே போகப் போக இளம்பச்சை, கொட்டை இருந்த குழியைச் சுற்றி வெண்ணெய் நிறம். ஸ்பூனை வைத்ததும் இறங்கிய விதத்தைப் பார்த்ததும் பட்டர் என்று பெயர் வைத்தவனுக்குக் கண் இருந்திருக்கிறது என்று தோன்றியது.

வாயில் போட்டேன். ஒன்றுமே இல்லை.

கசப்பில்லை, புளிப்பில்லை, இனிப்பில்லை. பசபசவென்று ஏதோ உருகுகிறது, பச்சைப் பாதாமின் மணம் தூரத்தில் எங்கோ, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்றிருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு யோசித்தேன். நாக்கு ஒரு தகவலுக்குக் காத்திருந்து ஏமாந்திருக்கிறது. பழம் என்று சொல்லிவிட்டோம் இல்லையா, பழமென்றால் இனிக்கும் என்று அது தயாராக உட்கார்ந்திருந்தது. தேங்காயைப் பழம் என்று சொல்லி யாராவது கொடுத்தாலும் இதே ஏமாற்றம்தான். தேங்காயிடம் யாரும் இனிப்பு கேட்பதில்லை, அதனால் அது தப்பித்தது. 100 கிராம் பட்டர் ஃப்ரூட்டில் சர்க்கரை ஒரு கிராம்கூட இல்லை. ஜூஸ் கடைக்காரர் நாலு கரண்டி போட்டது வேறு வழியில்லாமல்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிரேசிலில் சீனி போட்டுத்தான் தின்கிறார்கள், இந்தோனேசியாவில் சாக்லேட் பாகு ஊற்றிக் குடிக்கிறார்கள், இலங்கையில் பாலும் சீனியும்.

இரண்டாவது ஸ்பூனுக்கு மேலே இரண்டு கல் உப்பை நுணுக்கித் தூவினேன். இந்த முறை நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. வெண்ணெய்க்கு உப்புச் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "குடு இங்க" என்று மீதியை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் செய்ததை நான் நின்று பார்த்தேன். நாலு சின்ன வெங்காயத்தையும் ஒரு பச்சை மிளகாயையும் உப்போடு உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்தாள். பழத்தைக் கையாலேயே பிசைந்தாள், முழுக்க மசிக்கவில்லை, கட்டி கட்டியாக விட்டாள். அரை மூடி எலுமிச்சை. "கத்திரிக்கா மாதிரி கறுத்துப்போகுமே" என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். அது சரிதான், கத்திரிக்காய் கறுப்பதும் இது கறுப்பதும் ஒரே மாதிரி நொதியின் வேலை, புளிப்புப் பட்டால் அடங்கும். கெட்டித் தயிர் இரண்டு கரண்டி. கடுகு, கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து, சூடு ஆறின பிறகுதான் மேலே கொட்டினாள். அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கசந்துவிடும் என்று தாத்தா காலத்தில் யாரோ பொரியல் செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கிண்ணத்தை வழித்தேன். வேறு சொல்லத் தெரியவில்லை.

அம்மா மெக்சிகோவைப் பற்றி ஒன்றும் அறியாதவள். ஆனால் அங்கே மூன்று காலுள்ள எரிமலைக்கல் உரலில் மிளகாயையும் உப்பையும் இடித்து, இதே பழத்தைப் பிசைந்து, குவாகாமோலே என்று பல நூறு ஆண்டுகளாகத் தின்று வருகிறார்கள். தயிரும் தாளிப்பும் மட்டும்தான் அம்மாவின் சொந்தச் சரக்கு. மிளகாயும் தக்காளியும்கூட அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். போர்த்துகீசியர் காலத்தில் கரையிறங்கிய மிளகாய் மிளகின் பெயரையே வாங்கிக்கொண்டு நம் அடுப்படியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் ஊர்க்காரனான பட்டர் ஃப்ரூட் வெகுகாலம் கழித்து வந்து, மலையிலேயே நிழல்மரமாக நின்றுவிட்டது. யாராவது அன்றைக்கே ஒரு பழத்தை ஜூஸ் கடைக்குக் கொடுக்காமல் அம்மியில் வைத்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நண்பர் கோபித்துக்கொள்வார். 100 கிராம் சதையில் மாவுச்சத்து எட்டரை கிராம். மாவுச்சத்தே கிடையாது என்று சிலர் சொல்வது தப்பு. ஆனால் அதில் ஆறே முக்கால் கிராம் நார். நார் குடலில் சர்க்கரையாக மாறாது, ஆகவே கணக்கில் வருவது இரண்டு கிராமுக்குள். கொழுப்பு 15 கிராம். அதில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம். ஏதோ வெளிநாட்டு மருந்து மாதிரிக் கேட்கிறது. நம் வீட்டுக் கடலை எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். பொட்டாசியம் வாழைப்பழத்தைவிட அதிகம். உப்பும் நீரும் இழந்து கால் கெஞ்சுகிற முதல் வாரத்திலேயே இதைச் சாப்பிட்டிருக்கலாம். 100 கிராமுக்கு 160 கலோரி. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் படிக்காமல் விட்டேன். மலைக்காய் ஒன்றில் 250 கிராம் சதை தாராளமாக வரும். 100 பாதாமுக்கு மேலே காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டு வாரம் தின்றேன். எடை இயந்திரத்தின் முள் ஒட்டவைத்த மாதிரி நின்றது. மனைவிதான் கண்டுபிடித்தாள். "அனுமதிச்ச பழம்னா அளவில்லாத பழம்னு யாருங்க சொன்னது?" அதன் பிறகு நாளுக்கு அரைப் பழம். பாதாம் நாற்பது. நண்பரிடம் சொல்லவில்லை.

இன்னொன்று. தோலில் ஒட்டியிருந்த சதையை வீணாக்குவானேன் என்று பக்கத்து வீட்டுக் காதல் பறவைகளுக்கு வைக்கப் போனேன். நல்லவேளை, அந்த வீட்டுப் பெண் தடுத்துவிட்டாள். பெர்சின் என்று ஒரு பொருள் இதில் இருக்கிறது. மனிதனை ஒன்றும் செய்யாது, பறவைகளுக்கு விஷம். ஆடு மாடுகளுக்கும் இதன் இலை ஆகாது. கிளி வளர்க்கிறவர்கள் கவனமாக இருங்கள்.

ஆவணி முழுக்க ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது ஒரு பை கொடுத்தனுப்பச் சொல்லி ஏற்பாடு. அரிசி டிரம்முக்கு இப்போது அதுதான் முக்கிய வேலை. அளக்கப் போகிற மனைவி படியோடு ஒரு பட்டர் ஃப்ரூட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அளந்து முடித்து மறுபடியும் புதைப்பாள். ஒருமுறை அடியில் ஒன்று தங்கிப்போய், அரிசி பிசுபிசுத்து, இரண்டு படி அரிசி வீணானதில் எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 5.8. அதில் பட்டர் ஃப்ரூட்டுக்கு என்ன பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சோற்றை நிறுத்தியது பெரிய பங்கு, நடந்தது கொஞ்சம். பழ ஏக்கத்தில் தள்ளுவண்டிப் பக்கம் போகாமல் இருந்தேன் என்ற அளவில் இதற்கும் ஏதோ உண்டு. டாக்டர் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இப்படியே இருங்கள், ஆறு மாதத்தில் பார்ப்போம் என்றார்.

அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்த அன்று இரவு பதினோரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அடுக்களையில் விளக்கு எரிந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு 71 வயது, சர்க்கரையும் கிடையாது, ரத்தக் கொதிப்பும் கிடையாது. கையில் அரைப் பழம். கொட்டை எடுத்த குழி நிறையச் சீனி, விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. ஓரத்திலிருந்து ஸ்பூனால் வழித்து, சீனியில் ஒற்றி ஒற்றித் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம்கூட அசரவில்லை.

"பின்ன, இந்தக் குழி எதுக்கு இருக்குன்னு நெனச்ச?"